வெயிலில் யாருக்குப் பங்கு?

பால்மரத்துக்கு வெயில் ஆகாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும். அப்போது பட்டையைச் சீவினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குப் போனார்கள். மழை பெய்தாலும் சம்பளம் போச்சு, வெயில் முந்திக்கொண்டாலும் சம்பளம் போச்சு. மூன்று நான்கு தலைமுறைக்கு வெயில் என்பது வேலையைக் கெடுக்க வருகிற ஒன்றாகவே இருந்தது.

இன்று பேராவில் அதே வெயிலுக்கு விலை வந்துவிட்டது. மரம் நின்ற மண்ணில் கறுப்புக் கண்ணாடிப் பலகைகள் வரிசைபிடித்து நிற்கின்றன. ஈப்போவின் புதிய தாமான்களில் கூரைதோறும் சோலார் விளம்பரம். கூடவே இன்னொரு பேச்சும் கேட்கிறது: சூரிய ஆற்றலில் முதலீடு செய்யுங்கள், அதன் வழியாக வசதி குறைந்த சமூகங்களை உயர்த்துங்கள். லாபமும் வரும், புண்ணியமும் வரும் என்கிற மாதிரி. நான் இந்தத் துறையில் இருக்கிறவன் என்பதால் என்னிடம் சிலர் கேட்பார்கள், "நல்ல விஷயந்தானே?" என்று. நல்ல விஷயந்தான். ஆனால் இதில் யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் பதில் அவ்வளவு எளிதாக வருவதில்லை.

முதலில் ஒரு கணக்கு. தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலைக்கு முன்பு வரை வீட்டு மின்சாரத்தின் விலை படிப்படியாக ஏறியது. முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.8 சென். அடுத்த 100க்கு 33.4 சென். அப்படியே ஏறி 900 யூனிட்டுக்கு மேல் 57.1 சென். மாதம் 250 யூனிட் பயன்படுத்தும் ஒரு வீட்டின் கட்டணம் 60 வெள்ளி 30 சென். ஒரு குளிர்சாதனப்பெட்டி, இரண்டு மூன்று மின்விசிறி, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம் உள்ள வீடு இவ்வளவுதான் இழுக்கும். அந்த வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் பலகை போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில் அது மாதம் சுமார் 300 யூனிட் தரும். கட்டணம் முழுவதுமே இல்லாமல் போனாலும் மிச்சம் 60 வெள்ளி. பலகைக்குச் செலவு பதினைந்தாயிரம் என்று பிடித்தால் போட்ட காசை எடுக்க இருபது ஆண்டு ஆகும்.

அதே பலகையை ஆயிரத்து இருநூறு யூனிட் பயன்படுத்தும் ஒரு பங்களாவின் கூரையில் போடுங்கள். அங்கே மிச்சமாவது மேல்படி யூனிட்கள், ஒவ்வொன்றும் 57.1 சென். மாதம் 171 வெள்ளி. ஏழே ஆண்டில் காசு திரும்பிவிடும். வெயில் ஒன்று, பலகை ஒன்று, வருகிற மின்சாரமும் ஒன்று. ஆனால் ஏழையின் கூரையில் விழும் வெயிலுக்கு மதிப்பு சுமார் 20 சென், பணக்காரரின் கூரையில் விழும் வெயிலுக்கு 57.1 சென்.

இதில் சதி எதுவும் இல்லை. குறைவாகப் பயன்படுத்துகிறவருக்கு மின்சாரம் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் அமைத்த கட்டணம் அது. ஈகாசே பட்டியலில் உள்ள பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி மின்கட்டணத் தள்ளுபடியும் உண்டு. அந்தக் குடும்பம் 250 யூனிட் எரித்தால் கட்டுவது 20 வெள்ளிதான். அவர்கள் கூரையில் சோலார் போட்டால் மிச்சம் அந்த 20 வெள்ளி. போட்ட காசு ஒருக்காலும் திரும்பாது. இப்போது கட்டணமுறை மாறியிருக்கிறது. ஆனால் குறைவாகப் பயன்படுத்துவோருக்குத் தள்ளுபடி என்கிற அடிப்படை அப்படியே இருப்பதால் முடிவும் மாறவில்லை. ஆக, ஏழை வீட்டுக் கூரையில் பலகை போட்டு ஏழ்மையைக் குறைக்கலாம் என்பது படத்துக்கு அழகாக இருக்கும், கணக்கில் நிற்காது. அவர்களுக்குக் குறைவாக இருப்பது வருமானம். அறுபது வெள்ளி மின்கட்டணத்தை அழிப்பதால் அது வந்துவிடாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டத்து வீடு வேலையோடு வருவது. வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்களில் பலர் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் வாடகை வீடுகளிலும் இருக்கிறார்கள். சோலார் திட்டங்கள் எல்லாமே கூரை சொந்தமாக உள்ளவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2024 ஏப்ரலில் வந்த சோலாரிஸ் உதவித்தொகையில் வீட்டுக்காரருக்கு 4,000 வெள்ளி வரை கிடைத்தது. ஆனால் முதலில் கூரை வேண்டும், பிறகு மீதிப் பணம் வேண்டும்.

இதற்கு முந்தைய கதையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2011 டிசம்பரில் நம் நாட்டில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான ஊக்கக் கட்டணத் திட்டம் தொடங்கியது. 4 கிலோவாட் வரையிலான வீட்டுக் கூரை மின்சாரத்துக்கு அப்போது யூனிட்டுக்கு 1 வெள்ளி 23 சென். 21 ஆண்டுகளுக்கு அந்த விலை உறுதி. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? எல்லோருடைய மின்கட்டணத்திலும் 1 சதவீதம், 2014 முதல் 1.6 சதவீதம் என்று வசூலித்த நிதியிலிருந்து. மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்துபவர்களுக்கு விலக்கு.

இந்த விலக்கை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஏழையிடம் வாங்கவில்லை, சரி, நியாயந்தான். ஆனால் ஏழைக்கு அதில் எதுவும் வரவும் இல்லை. அன்றைக்குப் பலகை போட ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கையில் இருந்தவருக்கு 21 ஆண்டு வருமானம். அடுக்குமாடியில் 350 யூனிட் எரித்த வாடகைக் குடும்பம் அந்த வருமானத்துக்குத் தன் பங்கைக் கட்டியது. 300க்குள் எரித்த குடும்பத்துக்குச் சுமையும் இல்லை, பலனும் இல்லை. நல்லெண்ணத்தோடு வகுத்த ஒரு கொள்கை ஏழையைப் பாதுகாத்து ஓரமாக உட்கார வைத்துவிடுகிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அன்றைக்கு உலகம் முழுக்க இப்படி அதிக விலை கொடுத்து வாங்கியதால்தான் பலகை இன்று இந்த விலைக்கு இறங்கியது. அதன் பயன் எல்லோருக்கும் உண்டு. ஆனாலும் ஒரு பொதுக்காரியத்தில் ஒரு சாரார் எப்போதும் சலுகை வாங்குகிறவர்களாகவும் இன்னொரு சாரார் எப்போதும் முதலீட்டாளர்களாகவும் இருந்தால், முப்பது ஆண்டு கழித்தும் இருவரும் அதே இடத்தில்தான் இருப்பார்கள்.

*

சரி, முதலீடு வேண்டாம், தானமாகக் கொடுத்துவிடலாமே என்று ஒரு வாதம் உண்டு. பேராவில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பாதிப் பெயர்களில் இன்னமும் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்றே இருக்கும், பக்கத்தில் தோட்டம் இல்லாவிட்டாலும். ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பள்ளிக்கூரையில் பலகை போட்டுக் கொடுக்கிறது. ரிப்பன் வெட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், பிள்ளைகள் ஆடுகிறார்கள். பகலில் இயங்கும் இடம் பள்ளிக்கூடம். பகலில் மட்டும் வருவது சோலார். பொருத்தமான ஜோடிதான்.

நான் பார்க்கப் போன ஒரு பள்ளியில் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பலகை இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். இன்வெர்ட்டர் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் மாற்ற வேண்டிய பொருள். மாற்றுவதற்குக் காசு யார் ஒதுக்கி வைத்தார்கள்? கொடுத்தவர் கொடுத்ததோடு போய்விட்டார். வாங்கியவருக்கு அது தன்னுடையது என்ற எண்ணம் வரவே இல்லை. "அவுங்க போட்டுக் குடுத்தது தம்பி, நாங்க கைய வைக்கலாமான்னு தெரியல" என்றார் அங்கிருந்த தோட்டக்காரர். எனக்கு அந்தச் சொல்தான் தங்கியது. கைய வைக்கலாமான்னு தெரியல. தன் கூரையில் இருக்கும் பொருளைத் தொடுவதற்கு அனுமதி தேடுகிற நிலையைத் தானம் உண்டாக்கிவிடுகிறது.

திருக்குறளில் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம், அதற்கடுத்து ஈகை என்று ஓர் அதிகாரம். பள்ளியில் படிக்கும்போது இரண்டும் ஒன்றுதானே, ஏன் இருபது குறள் என்று தோன்றும். இப்போது வித்தியாசம் பிடிபடுகிறது. ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்வது. அதற்கு வள்ளுவர் காட்டுவது ஊர்க்குளமும் ஊர் நடுவில் பழுத்த மரமும். ஊருணியில் தண்ணீர் மொள்ள வருகிறவள் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. குடத்தை வைத்து மொண்டுகொண்டு போகலாம்.

ஆனால் ஊருணி தானாக நிறைந்திருக்காது. தூர் வார வேண்டும், கரை கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குக் குடிமராமத்து என்று பெயர்; தண்ணீர் பயன்படுத்துகிறவர்களே சேர்ந்து ஏரியையும் வாய்க்காலையும் பராமரிக்கிற பழக்கம். குளம் ஊருக்குச் சொந்தம் என்பது பத்திரத்தில் இருப்பதைவிட அந்த வேலையில்தான் இருக்கிறது. சூரியப் பலகைக்கும் இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரு சமூகத்துக்கு அது உதவுமா என்ற கேள்விக்கு, அதைத் துடைப்பது யார், அதன் கணக்கைப் பார்ப்பது யார், அது கெட்டால் தூக்கம் கெடுவது யாருக்கு என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

*

சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொள்கிறேன். ஈப்போவிலிருந்து வடக்கே அரை மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான பயணம். சுற்றிலும் ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். அங்கே பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன், 1955 முதல் 1973 வரை மஇகாவின் தலைவர். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் அதைத் துண்டுதுண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் வரலாற்றில் பெயர். நிலம் கைமாறியது, அதில் வேலை செய்தவர்கள் லயன் வீட்டோடு சேர்ந்து வெளியே நின்றார்கள். இதற்கு எதிராக 1960-ல் சம்பந்தன் தொடங்கியதுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி வாங்கிப் பங்கு கொடுத்து, சேர்ந்த பணத்தில் தோட்டத்தையே வாங்குவது. முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். அதன்பிறகும் பல தோட்டங்கள்.

அந்தக் காலச் சம்பளத்தில் பத்து வெள்ளி என்பது சின்னக் காசு இல்லை. பங்கு வாங்கியவரும் மறுநாள் விடியலில் உளியை எடுத்துக்கொண்டு நிரைக்குத்தான் போனார். ஆனால் ஒரு வித்தியாசம்: அந்த மரத்தில் அவருக்கு ஒரு துளி சொந்தம்.

இப்போது அதே சுங்கை சிப்புட்டில் 2018 நவம்பரில் 49 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. முடாஜெயா குழுமத்தின் சினார் கமிரி. அதற்கான பணம் 245 மில்லியன் ரிங்கிட் பசுமை சுக்கூக் பத்திரமாகத் திரட்டப்பட்டது. உலகின் முதல் பசுமை சுக்கூக் 2017-ல் மலேசியாவில் வெளிவந்தது என்பது நாம் பெருமைப்படக்கூடிய செய்திதான். வட்டியில்லா நிதிமுறையைச் சூழலியலோடு இணைத்த முயற்சி. சுங்கை சிப்புட் நிலையம் சட்டப்படி சரியாக, பொறியியல் ரீதியாக நன்றாகச் செய்த வேலை. அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் ஒரே ஊர், 58 ஆண்டு இடைவெளி, இரண்டு முதலீடுகள். முதலாவதில் பத்து வெள்ளியோடு ஒரு பால்வெட்டுக்காரர் வாசல் வழியாக உள்ளே வர முடிந்தது. இரண்டாவது வகைப் பத்திரங்களைப் பெரும்பாலும் நிறுவனங்களே வாங்குகின்றன. பத்து வெள்ளிக்கு அங்கே வாசல் இல்லை.

பேராவுக்கு இது புதிதும் இல்லை. கோலகங்சாருக்கு வடக்கே செண்டரோ அணை 1930-லேயே மின்சாரம் தந்தது. நாட்டின் மிகப் பழைய நீர்மின் அணை. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயக் கப்பல்கள் அந்த மின்சாரத்தில் ஓடின. அதே காலத்தில் லயன் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு எஸ்டேட் ஜெனரேட்டர் சாயங்காலம் சில மணி நேரம் ஓடிய காலத்தை இப்போது அறுபது எழுபது வயதில் இருப்பவர்கள் சொல்லக் கேட்கலாம். 1970களில் தெமெங்கோர் அணை கட்டியபோது ஓராங் அஸ்லி மக்கள் தங்கள் இடத்தைவிட்டே நகர்த்தப்பட்டார்கள். மின்கம்பி தலைக்கு மேலே போகும், கீழே இருப்பவருக்கு நிழல்கூட விழாது. இந்த மாநிலத்தின் மின்சார வரலாற்றில் இது ஒரு பழைய வழக்கம்.

ஆனால் சூரிய மின்நிலையம் இந்த வழக்கத்தில் ஒரு புதிய விஷயத்தைச் சேர்க்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மெகாவாட் நிலையத்துக்கு எண்பது ஹெக்டேர் தேவை என்று வைப்போம். அதே எண்பது ஹெக்டேரில் ரப்பர் இருந்தால், ஹெக்டேருக்கு 400 மரம் வீதம் 32,000 மரம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்றால் தினம் 16,000. ஒருவர் ஒருநாளில் 500 மரம் வெட்டினால் 32 பேர் வேண்டும். 32 பேர் என்றால் 32 குடும்பம், ஒரு கோயில், ஒரு மளிகைக்கடை, ஒரு பள்ளிக்கூடம். சூரிய மின்நிலையத்துக்கு? புல் வெட்ட, பலகை கழுவ, காவலுக்கு, பழுது பார்க்க என்று சில பேர்.

தோட்டக் காலத்தில் தொழிலாளியிடம் ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு பிடி இருந்தது. அவர் வெட்டாவிட்டால் பால் வராது. வேலைநிறுத்தம் என்ற சொல்லுக்குப் பலம் அங்கிருந்துதான் வந்தது. வெயிலுக்கு யாரும் வெட்டத் தேவையில்லை. அது தானாக விழுகிறது. வேலைநிறுத்தம் செய்ய அங்கே ஆளே இல்லை. உழைப்பு தேவைப்படாத ஒரு சொத்தின் வருமானத்தில் ஒருவர் பங்கு கேட்க ஒரே வழிதான் மிச்சம்: அந்தச் சொத்தில் அவருக்கும் உரிமை இருக்க வேண்டும். அதனால்தான் சூரிய ஆற்றலில் யார் முதலீடு செய்கிறார்கள் என்பது நிதிக்காரர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. நம் தாத்தா பாட்டிகள் கூலிக்காகப் போராடினார்கள். நமக்குப் போராட்டமே பங்குக்காக என்று ஆகிவிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். நிலம் விற்றவர் விற்றார், வாங்கியவர் வாங்கினார், தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்தாகிவிட்டது. தாத்தா காடு வெட்டினார் என்பதற்காகப் பேரனுக்கு எதற்குப் பங்கு? இதைத் தள்ளிவிட முடியாது. வரலாற்று உரிமை என்று ஆரம்பித்தால் நமக்கு முன்னால் ஓராங் அஸ்லி நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் நாம். எனவே ‘எங்கள் நிலம்’ என்ற வாதத்தை நான் வைக்கவில்லை. என் வாதம் இதைவிடச் சின்னது. வெயிலை யாரும் உண்டாக்கவில்லை. அதை விற்கும் சந்தையை அரசாங்கம் சட்டம் போட்டு, பொதுப்பணத்தில் ஊக்கம் கொடுத்து உண்டாக்கியது. பொதுவில் உண்டான ஒரு வாய்ப்பில் நுழைய, ஏற்கெனவே சொத்து உள்ளவருக்கு மட்டும் வாசல் வைப்பது நியாயமாகாது. கூரை இல்லாதவருக்கும் ஒரு வாசல் வேண்டும்.

*

ஆனால் அந்த வாசலில் நம் ஆட்கள் நிற்கத் தயங்குவார்கள். காரணம் இருக்கிறது. ஈப்போ புந்தோங்கில் ஒரு பெரியவரிடம் கூட்டுறவு முறையில் சோலார் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இதுல காசு போட்டா கையில வருமா, இல்ல காதுல வருமா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் மைக்கா இருக்கிறது. 1982-ல் மஇகா தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் சுமார் 66,000 மலேசிய இந்தியர்கள் 106 மில்லியன் ரிங்கிட் போட்டார்கள். அவர்களில் தோட்டத்து மக்கள் நிறைய. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய கதைகள் நம் வீடுகளில் இன்னும் பேசப்படுகின்றன. 28 ஆண்டு கழித்து, 2010-ல், 1 வெள்ளிப் பங்குக்கு 80 சென் தருவதாக ஒரு நிறுவனம் முன்வந்தது. 28 ஆண்டில் விலைவாசி எங்கே போயிருக்கிறது என்று பார்த்தால் அந்த 80 சென்னின் உண்மையான மதிப்பு புரியும்.

ஆகவே ஏழைகளை முதலீட்டாளர்களாக ஆக்குவோம் என்று உற்சாகமாகச் சொல்வதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை. ஐயாயிரம் இழந்தால் ஒருவருக்கு ஒரு விடுமுறைப் பயணம் போச்சு, இன்னொருவருக்குப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் போச்சு. ‘நீங்களும் துணிந்து போடுங்கள்’ என்று இருவரிடமும் ஒரே குரலில் சொல்வது சமத்துவம் போலத் தெரியும், உண்மையில் அநியாயம். உரிமை கொடுக்கிறேன் என்ற பெயரில் ஆபத்தையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடக் கூடாது.

இங்கேதான் கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஞாபகம் வருகிறது. மேட்டுப்பாளையம் பக்கத்துச் சின்ன ஊராட்சி. 2006-ல் அந்த ஊராட்சி 1 கோடியே 55 இலட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு, 1 கோடியே 15 இலட்சம் வங்கிக் கடன். அப்போது தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். காற்றாலை நின்றது நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, உடுமலைப்பேட்டைப் பக்கம். காற்று அங்கேதான் நன்றாக வீசும். அதன் மின்சாரம் ஊரின் தேவைக்கு ஈடுகட்டப்பட்டு, மிச்சம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. சில ஆண்டுகளில் கடன் அடைந்தது.

இது காற்றாலை, சோலார் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். எந்தக் குடும்பமும் தாலியை அடகு வைக்கவில்லை. கடன் வாங்கியது ஊராட்சி. நட்டம் வந்திருந்தால் தாங்கியிருக்க வேண்டியதும் ஊராட்சி. கூரை உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமும் இல்லை. ஆலை ஊரிலேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை. அடுக்குமாடியில் இருப்பவருக்கும் சோலாரில் பங்கு சாத்தியம் என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் வேண்டியதில்லை.

இதை அப்படியே பேராவுக்குக் கொண்டுவர முடியாது. நமக்கு ஊராட்சி கிடையாது. உள்ளாட்சித் தேர்தல் 1965-ல் நிறுத்தப்பட்டதோடு சரி. தோட்டம் என்ற ஊரும் கலைந்துவிட்டது. ஒரே லயனில் இருந்தவர்கள் இன்று மேங்லெம்புவில் ஒருவர், கிள்ளானில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். ‘சமூகம்’ என்று நாம் எளிதாகச் சொல்வதற்குக் கையெழுத்துப் போட ஓர் ஆள் இல்லை, கடன் வாங்க ஒரு பெயர் இல்லை. மிச்சம் இருப்பவை மூன்றுதான்: பள்ளி, கோயில், கூட்டுறவுச் சங்கம். இவற்றில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதி இருப்பது கூட்டுறவில் மட்டும். ஆயிரம் பங்கு வைத்திருந்தாலும் ஒரு வாக்கு, ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஒரு வாக்கு.

லண்டன் பிரிக்ஸ்டனில் 2012-ல் எல்மோர் ஹவுஸ் என்ற அடுக்குமாடிக் கூரையில் 37 கிலோவாட் சோலார் போட்டது ஒரு கூட்டுறவு. மக்கள் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பு அது. அங்கேயும் அதற்கு எஸ்டேட் என்றுதான் பெயர். பங்கு வாங்கியவர்களுக்கு அளவான வருமானம். இன்னொரு பகுதி அந்தக் குடியிருப்பின் மின்செலவைக் குறைக்கும் வேலைகளுக்கான நிதிக்கு. முதலீட்டாளர் லாபம் எடுக்கலாமா என்ற கேள்விக்கு இதில் எனக்கு ஒரு பதில் கிடைக்கிறது. எடுக்கலாம். லாபமே கூடாது என்றால் சிவப்பு விளக்கு எரியும் இன்வெர்ட்டர்தான் மிஞ்சும். பராமரிக்க யாருக்கும் காரணம் இருக்காது. ஆனால் எவ்வளவு என்பதை முன்கூட்டியே, எல்லோருக்கும் தெரிய எழுதி வைக்க வேண்டும். நட்டம் வந்தால் முதலில் தாங்குவது வசதி உள்ளவரின் பணமாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளில் வசதி உள்ளவரின் பங்கு கழிந்து, சொத்து பள்ளிக்கோ சங்கத்துக்கோ வந்து சேர வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் ‘சமூக முதலீடு’ என்று பெயர் வைத்தால், அது சாதாரண வியாபாரம். வியாபாரத்தை வியாபாரம் என்றே சொல்லிச் செய்வதில் தப்பில்லை. தர்மம் என்று சொல்லிச் செய்வதுதான் தப்பு.

2025-ல் அரசாங்கம் ஒரு புதிய வழியை அறிவித்திருக்கிறது. வீட்டுக் கூரைகளை ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுத்து, அவற்றின் மின்சாரத்தைத் திரட்டிப் பக்கத்துப் பயனீட்டாளர்களுக்கு விற்கலாம். கூரை உள்ளவருக்கு மாத வாடகை. நல்ல தொடக்கம். ஆனால் திரட்டுகிற அந்த நிறுவனம் யாருடையதாக இருக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது ஒரு கூட்டுறவாக இருக்க முடிந்தால், வாடகை வாங்குகிறவரே முதலாளியாகவும் இருப்பார். இல்லாவிட்டால் கூரை நம்முடையது, வெயில் அவர்களுடையது என்று முடியும்.

இந்த இதழைப் படிக்கிற நம்மில் பலர் தோட்டத்திலிருந்து ஒரு தலைமுறை தள்ளி வந்தவர்கள். படித்தோம், வேலை கிடைத்தது, மாதம் கொஞ்சம் மிச்சமும் பிடிக்கிறோம். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. அதனால்தான் சோலார் முதலீடு போன்ற பேச்சு நம்மைச் சட்டென்று ஈர்க்கிறது: நல்லது செய்கிற திருப்தியும் கிடைக்கும், காசும் வளரும். செய்வோம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அந்தத் திட்டத்தின் ஆண்டுக்கூட்டத்தில் யார் உட்காருவார்கள் என்று கேட்போம். கணக்கு எந்த மொழியில் இருக்கும் என்று கேட்போம். பால்வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மா எழுந்து "போன வருஷம் இவ்ளோ யூனிட்டுன்னீங்க, இந்த வருஷம் ஏன் கொறைஞ்சிச்சு?" என்று கேட்க அங்கே நாற்காலி உண்டா, அவருக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்காவது உண்டா என்று கேட்போம். உண்டு என்றால் அதில் நம் காசையும் போடலாம்.